குற்றாலத்துக் கைகாட்டியும் கணினித் திரையின் மெனுவும்



ஆனி பிறந்து, திரிகூட மலையில் மேகம் தவழ்ந்து, நம் பக்கமெல்லாம் சாரல் விழத் தொடங்கிவிட்டால் வெளியூர் மக்கள் குற்றாலத்தை நோக்கித் திரண்டு வருகின்றனர். பேருந்தைவிட்டு இறங்கியதும் அவர்கள் முதலில் தேடுவது எதனை? அருவியை அன்று, கைகாட்டியை! பேரருவி இந்தப் பக்கம், ஐந்தருவி அந்தப் பக்கம், பழைய குற்றாலம் வேறொரு பக்கம். ஐந்தருவி பேரருவியிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். பழைய குற்றாலமோ ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வந்த குடும்பம் வழி தவறினால் அன்றைய பொழுதில் பாதி வீணாகிவிடும்.

நல்ல கைகாட்டி மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லுகிறது. நான் இப்பொழுது எங்கே நிற்கிறேன்? இங்கிருந்து எங்கெங்கே போகலாம்? எங்கே போகக் கூடாது? இம்மூன்றையும் சொல்லாத கைகாட்டி, எவ்வளவு அழகான எழுத்தில் எழுதப்பட்டிருந்தாலும் வெறும் பலகையே.

கணினித் திரையிலும் கைப்பேசியிலும் இதே வேலையைச் செய்வதுதான் மெனு. அதனை எவ்வாறு அமைப்பது, எவ்வாறு அழகு செய்வது, தமிழில் அமைக்கும்பொழுது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். கட்டளைச் சொற்களைக் கணினியில் ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். இங்கே அவற்றின் ஒலியை மட்டும் தமிழில் தந்துள்ளேன்.

மெனு என்பது யாது?

ஓர் இணையத்தளத்தில் பல பக்கங்கள் இருக்கும். அப்பக்கங்களுக்குச் செல்லும் இணைப்புகளை ஒரே இடத்தில், பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பகுதியில், வரிசையாக அடுக்கி வைத்தால் அது மெனு. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவு. தொட்டால் திறக்கும், திறந்தால் வேறு பக்கம்.

எச்.டி.எம்.எல். என்னும் மொழியில் மெனுவை ஒரு பட்டியலாகவே எழுதுகிறோம். பட்டியலுக்குள் உருப்படிகள், ஒவ்வோர் உருப்படிக்குள்ளும் ஓர் இணைப்பு. பெட்டிக்குள் சிறு பெட்டி, அதற்குள் பண்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்த உட்பொதிவை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் நீங்கும்.

சிறு வரலாறு

இணையத்தின் வலைப்பக்க முறையை 1989-ஆம் ஆண்டு முன்மொழிந்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அவர் அப்பொழுது ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றினார். தொடக்ககாலப் பக்கங்களில் அழகுக்கென்று தனி ஏற்பாடு இல்லை. 1994-ஆம் ஆண்டு அக்டோபரில் ஹோகன் வியும் லீ என்பவர், பக்கத்தின் பொருள் ஓரிடத்திலும் அதன் தோற்றம் வேறோரிடத்திலும் எழுதப்பட வேண்டும் என்னும் யோசனையை வெளியிட்டார். அதுவே சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள். 1996 டிசம்பரில் அது முறைப்படி ஏற்கப்பட்டது.

கைப்பேசியில் நாம் காணும் மூன்று கோட்டுப் பொத்தான் இவற்றுக்கெல்லாம் மூத்தது! 1981-இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் என்னும் கணினிக்காக நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்த குறி அது. மூன்று கோடுகளும் ஒரு பட்டியலின் மூன்று வரிகளைப்போல் தோன்றுவதைக் கவனியுங்கள்.

தமிழின் கதை வேறு. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழெழுத்துகள் இடம்பெற்றிருந்தன. ஆயினும் கணினிகள் அதனைப் பின்பற்றப் பல ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. படிப்பவரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் புரியாத குறிகளே தோன்றும். எனவே பலர் மெனுச் சொற்களைப் படமாக வரைந்து ஒட்டினர். படம் மெதுவாக வந்து சேரும், பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இன்று நாம் மெனுவைத் தமிழெழுத்தாகவே எழுத முடிகிறது. கிடைத்த இந்த வசதியைச் செம்மையாகப் பயன்படுத்துவது நம் கடமையன்றோ?

சட்டகம் என்றால் என்ன?

வீடு கட்டுவோர் ஒவ்வொரு சன்னலையும் தாமே இழைத்துச் செய்வதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் சன்னலை வாங்கிப் பொருத்தி, தமக்கு வேண்டிய வண்ணம் பூசிக்கொள்கின்றனர். இணையத்தளம் அமைப்போருக்கும் இத்தகைய ஆயத்தப் பொருள்கள் உண்டு. அவற்றின் தொகுப்பே சட்டகம்.

இவற்றுள் பெரிதும் பழக்கத்திலுள்ள ஒன்று பூட்ஸ்ட்ராப். ட்விட்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மார்க் ஓட்டோ, ஜேக்கப் தார்ன்டன் ஆகிய இருவரும் உருவாக்கிய இது 2011 ஆகஸ்டில் யாவருக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. அதில் மெனுவுக்கென ஆயத்தமான பெயர்கள் உள்ளன. முழுப் பட்டைக்கு நாவ்பார், உருப்படிக்கு நாவ்-ஐட்டம், இணைப்புக்கு நாவ்-லிங்க். இப்பெயர்களை உரிய இடத்தில் எழுதிவிட்டால் ஒழுங்கான மெனு உடனே கிடைத்துவிடும்.

இதெல்லாம் எங்கோ தொலைதூரத்து வேலை என்று எண்ணிவிடாதீர்கள். ஜோஹோ நிறுவனம் தென்காசியில் அலுவலகம் திறந்ததும் அதே 2011-ஆம் ஆண்டில்தான். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் நம் வட்டாரத்து இளைஞரும் இளம்பெண்களும் அமர்ந்து உலகெங்கும் பயன்படும் மென்பொருளை எழுதுகின்றனர். 2019 நவம்பர் 22 அன்று செயல்படத் தொடங்கிய தென்காசி மாவட்டத்துக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அரசின் இணையத்தளம் இருக்கிறது. நாளை இவற்றை அமைப்போர் உங்களுள் சிலராக இருக்கலாம்.

எங்கள் வகுப்பின் முதல் முயற்சி

பதினோராம் வகுப்புக் கணினிப் பிரிவு மாணவியர் பயிற்சிக்காகக் குற்றாலத்தைப் பற்றி ஒரு தளம் அமைத்தனர். அது வெளியுலகுக்கு அன்று. பள்ளிக்குள் மட்டும் காணத்தக்கது. வான்நீலப் பட்டையின்மேல் வெள்ளை எழுத்து. அருவி கொட்டுவதுபோல் கீழ்நோக்கி விரியும் துணைப்பட்டியல். சுட்டியை மேலே கொண்டுசென்றதும் மெல்ல மின்னும் நிறமாற்றம். பார்த்தோர் அனைவரும் பாராட்டினர். ஆசிரியையாகிய எனக்கும் பெருமைதான்.

பெற்றோர் கூட்டத்தன்று ஒன்பதாம் வகுப்பு மாணவியொருத்தியின் தாய் கணினி அறைக்கு வந்தார். பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்துபவர். தமிழ் நன்றாக வாசிப்பார். கையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய கைப்பேசி. மதுரையிலிருந்து உறவினர் வரவிருப்பதால், அருவியில் குளிக்க அனுமதி உண்டா என்பதை எப்படிப் பார்ப்பது என்று அறிய விரும்பினார். "இதிலேயே பாருங்களேன்" என்று மாணவியர் உற்சாகத்துடன் தங்கள் தளத்தை அவர் கைப்பேசியில் திறந்து கொடுத்தனர்.

அவர் திரையைத் தொட்டார், தள்ளினார், கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். சில நிமிடங்கள் கழிந்தன. பிறகு சொன்னார்: "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். குளிக்க விடுதாங்களா இல்லையான்னு எங்க போட்டிருக்கு? எனக்குத்தான் பார்க்கத் தெரியலையோ?"

அந்தக் கடைசி வாக்கியம் எங்களைச் சுட்டது. தவறு எங்களுடையது, பழியைத் தம்மீது போட்டுக்கொண்டவர் அவர். அன்று மாலையே மாணவியரும் நானும் அமர்ந்து என்னென்ன பிழை என்று ஆராய்ந்தோம். ஏழு பிழைகள் அகப்பட்டன. ஒவ்வொன்றையும் திருத்திய முறையே இந்தப் பாடம்.

முதல் திருத்தம்: சொல் முந்தட்டும், நிறம் பிந்தட்டும்

மெனுவில் "அருவிகளின் விவரங்கள்", "போக்குவரத்து வசதிகள்", "பொதுத் தகவல்கள்" என்றெல்லாம் எழுதியிருந்தோம். குளிக்கும் அனுமதி பற்றிய பக்கம் "பொதுத் தகவல்கள்" என்பதற்குள் மறைந்திருந்தது. அத்தாய் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? வருகிறவர் மனத்தில் இருக்கும் கேள்வி எதுவோ அதுவே மெனுவின் சொல்லாக வேண்டும். ஆகவே மாற்றினோம்: முகப்பு, இன்றைய நிலை, அருவிகள், வரும் வழி, தங்குமிடம், படங்கள், தொடர்பு.

நீளத்திலும் ஒரு பாடம் உண்டு. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் சொல் தமிழில் இருமடங்கு அகலம் பெறலாம். பூட்ஸ்ட்ராப்பில் லார்ஜ் என்னும் அளவைத் தேர்ந்தால், திரை 992 புள்ளி அகலத்தை எட்டியதும் மெனு ஒரே வரிசையாக விரியும். பழைய நீண்ட சொற்கள் அந்த அகலத்தில் அடங்காமல் மடிந்து இரண்டாம் வரிக்கு வந்துவிட்டன. சொற்களைச் சுருக்கினோம், அதன்பின்னும் நெருக்கமாகத் தோன்றியதால், 1200 புள்ளியில் விரியும் எக்ஸ்ட்ரா லார்ஜ் அளவுக்கு மாற்றினோம். அதற்குக் குறைந்த திரைகளில் மூன்று கோட்டுப் பொத்தானே தோன்றும்.

இரண்டாம் திருத்தம்: புள்ளிக்கும் கொம்புக்கும் இடம் விடுக

பட்டை மெலிதாக இருந்தால் அழகு என்று எண்ணி, வரி உயரத்தை 1 என்று வைத்து, அதற்கு மேற்பட்டதை மறைக்குமாறு கட்டளையிட்டிருந்தோம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அது போதுமானதாக இருக்கலாம். தமிழுக்கோ மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் உண்டு. விளைவு யாது? "அருவிகள்" என்பதன் புள்ளி வெட்டுண்டது. "தொடர்பு" என்பதில் மேலே புள்ளியும் கீழே உகரக் கோடும் குறைபட்டன. புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும் என்பதை ஆரம்பப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம் அல்லவா?

பூட்ஸ்ட்ராப் இயல்பாகத் தரும் வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.5 மடங்கு. தமிழ் மெனுவுக்கு நாங்கள் 1.75 வைத்தோம். எழுத்து 16 புள்ளி என்றால் வரி உயரம் 28 புள்ளி ஆகும். மறைக்கும் கட்டளையையும் நீக்கினோம்.

இன்னும் இரண்டு குறிப்புகள். எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டு அலங்கரிப்பது ஆங்கிலத்தில் வழக்கம். தமிழில் அவ்வாறு செய்தால் சொல் நீண்டு சிதறித் தோன்றும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் கட்டளையோ தமிழில் எந்த வேலையும் செய்யாது. நம் எழுத்தில் பெரியது, சிறியது என்னும் வேறுபாடே இல்லையே! மேலும், பக்கத்தின் தொடக்கத்தில் மொழி தமிழ் என்று குறிக்க மறவாதீர்கள். அதைக் கண்டுதான் வாசித்துக் காட்டும் மென்பொருள் தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ளும்.

மூன்றாம் திருத்தம்: எந்தக் கட்டளை வெல்லும்?

மாணவியர் மிகுந்த நேரம் போராடிய இடம் இது. "டீச்சர், நிறத்தை மாற்றி எழுதினோம், மாறவே மாட்டேன் என்கிறது!" என்று முறையிட்டனர். காரணங்கள் இரண்டு.

ஒன்று: நிறத்தை உருப்படிக்கு எழுதியிருந்தனர். ஆனால் எழுத்து இருப்பது அதற்குள் இருக்கும் இணைப்பில். இணைப்புக்கெனச் சட்டகம் தனி நிறம் கொடுத்திருக்கிறது. வெளிப்பெட்டிக்குப் பூசிய சாயம் உள்ளிருக்கும் பண்டத்தில் ஏறுமா? ஆதலால் நாவ்-ஐட்டத்துக்கு அன்று, நாவ்-லிங்க்குக்கே நிறம் எழுத வேண்டும்.

இரண்டு: ஒரே இணைப்புக்கு இரண்டு கட்டளைகள் வந்தால் எது வெல்லும்? பள்ளியிலிருந்தே உவமை சொல்கிறேன். "மாணவியர் அனைவரும் திடலுக்குச் செல்க" என்று ஓர் அறிவிப்பு. "எட்டாம் வகுப்பு ஆ பிரிவில் மூன்றாம் வரிசை மாணவியர் நூலகத்துக்குச் செல்க" என்று மற்றோர் அறிவிப்பு. மூன்றாம் வரிசையினர் எங்கே போவார்கள்? நூலகத்துக்கே. குறிப்பாகச் சுட்டிய கட்டளை பொதுக் கட்டளையை வெல்லும். இரண்டும் சமமாகக் குறிப்பிட்டால், பின்னால் வந்தது வெல்லும். இதுவே நடைத்தாளின் நியதி. பூட்ஸ்ட்ராப்பின் பழைய பதிப்புகளில் மெனு நிறத்துக்குரிய கட்டளை மூன்று பெயர்களை அடுக்கிச் சுட்டியது. நாம் ஒரே பெயரைச் சுட்டி எழுதினால் தோற்றுத்தான் போவோம்.

சிலர் உடனே இம்பார்ட்டன்ட் என்னும் சொல்லைச் சேர்த்துவிடுவர். அது உரக்கக் கூவிக் காரியம் சாதிப்பது போன்றது. இன்று பலித்துவிடும், நாளை வேறொரு கட்டளையும் கூவத் தொடங்கினால் வகுப்பறை சந்தையாகும்! நல்ல வழி ஒன்று உண்டு. 2022 ஜூலையில் வெளிவந்த 5.2 பதிப்பு முதல், பூட்ஸ்ட்ராப் தன் மெனு நிறங்களை மாறிகளாக வைத்திருக்கிறது. நாவ்பாருக்குரிய அந்த மாறியின் மதிப்பை மட்டும் நம் நடைத்தாளில் மாற்றினால் போதும். போராட்டமின்றி எல்லா இணைப்புகளும் புது நிறம் பெறும். நம் நடைத்தாளைச் சட்டகத்தின் நடைத்தாளுக்குப் பின்னால் இணைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நான்காம் திருத்தம்: வெயிலிலும் தெரியும் நிறம்

வான்நீலத்தின்மேல் வெள்ளை எழுத்து கணினி அறையின் நிழலில் அழகாகத்தான் இருந்தது. பேருந்து நிறுத்தத்து வெயிலில், விரிசல் விட்ட கண்ணாடி வழியே அது தெரியுமா? எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடலாம். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்பது இணையத்தளங்களுக்கான பன்னாட்டு அணுகல் நெறி. மாணவியர் கணக்கிட்டுப் பார்த்தனர். வான்நீலத்தின்மேல் வெள்ளைக்கு 1.7 மட்டுமே! வெள்ளையின்மேல் மஞ்சளுக்கு 1.1 கூட இல்லை. கருநீலத்தின்மேல் வெள்ளைக்கு ஏறத்தாழ 16. தயக்கமின்றிக் கருநீலத்தைத் தேர்ந்தோம்.

ஐந்தாம் திருத்தம்: நீ நிற்கும் இடம் இது

பயனர் எந்தப் பக்கத்தில் இருக்கிறாரோ அதற்குரிய மெனுச் சொல் தனித்துத் தெரிய வேண்டும். பூட்ஸ்ட்ராப்பில் அந்த இணைப்புக்கு ஆக்டிவ் என்னும் பெயரைச் சேர்க்கிறோம். நாங்கள் அதைச் சேர்த்திருந்தோம். ஆனால் வேறுபாட்டை நிறத்தால் மட்டுமே காட்டியிருந்தோம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் நம்மிடையே உண்டு. ஆண்களில் அவர்கள் அதிகம். அவர்களுக்கு நிறம் மட்டும் போதாது.

முதலில், நிற்கும் சொல்லைத் தடித்த எழுத்தாக்கிப் பார்த்தோம். தடித்த எழுத்து அகலமானது. பக்கம் மாறும்தோறும் அடுத்த சொற்கள் நகர்ந்து துள்ளின. பிறகு ஒரு மாணவி நல்ல உபாயம் கண்டாள். எல்லா இணைப்புகளுக்கும் அடியில் மூன்று புள்ளி கனமுள்ள, கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றை இட்டாள். நிற்கும் இணைப்பின் கோட்டுக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுத்தாள். கோட்டுக்கு முன்பே இடம் ஒதுக்கப்பட்டிருந்ததால் எதுவும் அசையவில்லை. வரிசையில் அனைவருக்கும் இடம் வைத்துவிட்டு, உரியவள் கையில் மட்டும் விளக்கைக் கொடுத்ததைப் போன்ற அமைப்பு!

கண்ணால் காண இயலாதோருக்காக ஏரியா-கரன்ட் என்னும் குறிப்பில் பேஜ் என்னும் மதிப்பையும் சேர்த்தோம். வாசிக்கும் மென்பொருள் "இதுவே தற்போதைய பக்கம்" என்று அதைக் கண்டு அறிவிக்கும்.

ஆறாம் திருத்தம்: விரல் சுட்டியன்று

இதுவே பெரும்பிழை. சுட்டியை மேலே வைத்தால் துணைப்பட்டியல் விரியுமாறு நாங்களாகவே ஹோவர் கட்டளை எழுதியிருந்தோம். கைப்பேசித் திரையின்மேல் விரலை வெறுமனே நிறுத்தி வைக்க முடியுமா? தொட்டால்தான் திரைக்குத் தெரியும். அத்தாய்க்குத் துணைப்பட்டியல் ஒழுங்காக விரியவே இல்லை. விரிந்தபோதும் உடனே மறைந்துவிட்டது. பூட்ஸ்ட்ராப் இயல்பாகவே தொட்டால் அல்லது அழுத்தினால் விரியும்படி செய்திருக்கிறது. நாம்தான் அழகுக்காக அதனைக் கெடுத்தோம்! எங்கள் கட்டளையை நீக்கினோம். ஹோவர் நிறமாற்றம் இருக்கட்டும். ஆனால் அது அணியாக மட்டும் இருக்க வேண்டும், கதவின் சாவியாக இருத்தல் ஆகாது. விசைப்பலகையால் மட்டுமே நகர்வோருக்காக ஃபோகஸ் என்னும் நிலைக்கும் தெளிவான கட்டம் இட்டோம்.

தொடும் இடத்தின் அளவும் முக்கியம். பீடி சுற்றிக் காய்ப்பேறிய விரலுக்கும், நடுங்கும் முதியவர் விரலுக்கும் போதிய இடம் வேண்டும். 2023-இல் வெளியான அணுகல் நெறி குறைந்தது 24 புள்ளி என்கிறது. உயர்ந்த தரத்துக்கு 44 புள்ளி. எங்கள் கணக்கைப் பாருங்கள். வரி உயரம் 28, மேலே உள் இடைவெளி 8, கீழே 8. ஆக 44! தமிழெழுத்துக்காக விட்ட இடம் விரலுக்கும் உதவியது. இந்த உள் இடைவெளியையும் உருப்படிக்கு அன்று, இணைப்புக்கே கொடுக்க வேண்டும். உருப்படிக்குக் கொடுத்தால், தொட்டும் திறக்காத வெற்றிடமே மிஞ்சும்.

ஏழாம் திருத்தம்: அடைத்த கதவு

அருவிகள் என்னும் துணைப்பட்டியலில் பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றுடன் மலைமேலுள்ள தேனருவியையும் சேர்த்திருந்தோம். ஆனால் பொதுமக்கள் அங்கே செல்ல வனத்துறை அனுமதிப்பதில்லை. மெனுவில் இதை எவ்வாறு காட்டுவது? பூட்ஸ்ட்ராப்பில் டிஸேபிள்ட் என்னும் பெயர் உண்டு. அது சொல்லை மங்கலாக்கித் தொட முடியாமல் செய்யும். ஆனால் ஏன் மங்கியது என்று வருகிறவருக்கு விளங்காது. கைப்பேசி பழுது என்றும் நினைக்கலாம். எனவே சொல்லிலேயே எழுதினோம்: "தேனருவி – அனுமதி இல்லை".

"இன்றைய நிலை" என்னும் பக்கத்திலும் இதே முறை. பச்சை, சிவப்பு வட்டங்களோடு நிறுத்தாமல் "குளிக்கலாம்", "குளிக்கத் தடை" என்று சொற்களால் எழுதினோம். இது வெறும் பயிற்சியன்றோ என்று எண்ணாதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோனதை நம் வட்டாரம் மறக்கவில்லை. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்போர் கண்ணுக்குத் தெரியாது. மெனு வெள்ளத்தைத் தடுக்காது. ஆயினும் எச்சரிக்கை என்று ஒன்று அறிவிக்கப்பட்டால், அது முதல் பார்வையிலேயே புலப்பட வேண்டும். எங்கள் பயிற்சித் தளத்தில் இருப்பது மாதிரிச் செய்தியே. உண்மை நிலையை அரசு அறிவிப்பைக் கொண்டே அறிய வேண்டும் என்பதையும் அப்பக்கத்தின் தலையில் எழுதி வைத்தோம்.

மீண்டும் அந்தத் தாய்

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்தபொழுது மாணவியர் அவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தனர். அதே கைப்பேசி, அதே விரிசல். ஒருத்தி "இதத் தொடுங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்தாள். நான் சைகையால் தடுத்தேன். கைகாட்டியின் பக்கத்தில் ஓர் ஆள் நின்று விளக்க வேண்டுமானால் அது கைகாட்டி ஆகுமா?

அவர் மூன்று கோட்டைத் தொட்டார். பட்டியல் விரிந்தது. இரண்டாம் சொல்லைத் தொட்டார். படித்தார். "மாதிரிச் செய்தின்னு போட்டிருக்கீங்க. ஆனா குளிக்கத் தடைன்னு பளிச்சுனு தெரியுது டீச்சர்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "இந்தப் படிப்பையே நீயும் படி" என்றார். முதல் நாள் கிடைத்த பாராட்டுகள் அனைத்தையும்விட அந்தச் சொல் மாணவியருக்கு இனித்தது.

மாணவியரே, அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கருநீலப் பட்டையும் மஞ்சள் கோடும் கண்ணுக்கு இனியனவாகவே இருக்கின்றன. ஆனால் அந்த அழகு யாருக்காக என்பதை முதலில் கேளுங்கள். செய்தவர் மகிழ்வதற்கா? வழி தெரியாமல் வந்து நிற்பவர் வழி காண்பதற்கா? திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு "எனக்குத்தான் தெரியலையோ" என்று ஒரு தாய் தம்மையே நொந்துகொள்ளாதபடி செய்வதே நாம் கற்ற கல்வியின் பயன். ஒரு சொல்லை மெனுவில் வைக்கும்பொழுதெல்லாம் குற்றாலத்துக் கைகாட்டியையும், அதன் அடியில் குழந்தையை இடுப்பில் ஏந்தி அண்ணாந்து பார்க்கும் வெளியூர்ப் பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை தானே நேர்வழியில் செல்லும்.

பயிற்சி

1. நம் பள்ளிக்கு ஓர் இணையத்தளம் அமைப்பதாகக் கொண்டு, பெற்றோர் கேட்கும் கேள்விகளைப் பட்டியலிட்டு, அவற்றிலிருந்து ஆறு மெனுச் சொற்களை உருவாக்குக. ஒவ்வொரு சொல்லும் இரண்டு சொற்களுக்கு மிகாதிருக்கட்டும்.

2. எழுத்து 18 புள்ளி. வரி உயரம் 1.5 மடங்கு; மேலும் கீழும் உள் இடைவெளி 8 புள்ளி வீதம். தொடும் இடத்தின் உயரம் எவ்வளவு? 44 புள்ளியை எட்ட இன்னும் எவ்வளவு வேண்டும்?

3. மெனுவின் நிறத்தை உருப்படிக்கு எழுதியும் மாறவில்லை. காரணம் கூறித் திருத்துக.

4. நிற்கும் பக்கத்தைத் தடித்த எழுத்தால் காட்டுவதில் உள்ள குறை யாது? அதற்கு மாற்று யாது?

5. நீங்கள் செய்த மெனுவை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் ஐந்து நிமிடம் அருகில் அமர்ந்து பாருங்கள். அவர் விரல் தயங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டு வந்து வகுப்பில் கூறுக.